பருத் தழும்புக்கு லேசர்: ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டிய தயாரிப்பு

பருத் தழும்புக்காக ஸ்கின் டாக்டரிடம் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பெயர் ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர். 10,600 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட இந்த ஒளியைத் தோலில் இருக்கும் நீர் உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சூட்டில் நுண்ணிய துளைகள் வரிசையாக விழும். துளைகளுக்கு நடுவே நல்ல தோல் தொடப்படாமல் இருப்பதால் புண் சீக்கிரம் ஆறும், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகி, பள்ளம் மெல்ல மேலே வரும்.

மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் இதில் தனி ஆபத்து உண்டு. சூடோ காயமோ பட்டால் நம் தோல் மெலனின் என்ற நிறமியைக் கூடுதலாகச் சுரந்து கறுத்துவிடும். கொசு கடித்த தடமே மாதக்கணக்கில் கறுப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லேசருக்குப் பிறகு வரும் அந்தக் கறுப்பைத் தடுப்பதுதான் இந்தத் தயாரிப்பின் முக்கிய நோக்கம். வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதிய வெளிநாட்டுக் குறிப்புகள் நமக்குப் போதாது.

படி 1: நாள் குறிப்பது

கத்திரி வெயில் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். திருவிழா, சுற்றுலா என்று வெயிலில் நிற்க வேண்டிய மாதங்களும் வேண்டாம். கல்யாணம் நிச்சயமானவர்கள் இன்னும் முன்னதாக யோசிக்க வேண்டும். பெரும்பாலும் பல சிட்டிங் தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விடுவார்கள். கொலாஜன் உருவாகிப் பலன் தெரியவும் மாதங்கள் ஆகும். "முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே, ஒரு சிட்டிங் போட்டுடலாம்" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படி 2: டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவரா, லேசரை அவரே கையில் பிடிப்பாரா என்று நேராகவே கேளுங்கள். இந்த வேலையை அழகு நிலையத்தில் செய்துகொள்ளக் கூடாது.

பிறகு உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள். காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ தடித்துப் புடைத்திருந்தால் அதைச் சொல்லுங்கள், அது கீலாய்டாக, அதாவது காயத்தையும் மீறி வளரும் தழும்பாக இருக்கலாம். உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து போயிருந்தால், பூச்சிக்கடி என்று நீங்களே முடிவு கட்டாமல் சொல்லிவிடுங்கள். அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருந்தால் லேசர் பட்டதும் முகம் முழுக்கப் பரவக்கூடும். அதைத் தடுக்க வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவார்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் எப்போது நிறுத்தினீர்கள் என்பதும் தேவை. ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லும் டாக்டர்களும் உண்டு, அவ்வளவு தேவையில்லை என்பவர்களும் உண்டு. உங்களுக்குப் பார்ப்பவர் சொல்வதைப் பின்பற்றுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும்.

உங்கள் தழும்பு எந்த வகை என்றும் கேளுங்கள். ஊசியால் குத்தியதுபோல் குறுகி ஆழமாக இருக்கும் பள்ளங்களுக்கு இந்த லேசர் மட்டும் அவ்வளவாக உதவாது. முகம் முழுக்கச் செய்யும் முன் ஓரமாக ஒரு சிறு இடத்தில் செய்து பார்க்கச் சொல்வதிலும் தவறில்லை.

படி 3: வீட்டில் இருக்கும் ட்யூப்களை எடுங்கள்

என்னைப் பொறுத்தவரை அதிகம் அலட்சியம் செய்யப்படுவது இந்தப் படிதான். மெடிக்கல் ஷாப்பில் "முகம் பளிச்சுனு ஆக ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டு வாங்கியது, தோழி சொன்னது, அக்கா போட்டு மீந்தது, எல்லாவற்றையும் எடுத்து ட்யூபில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சின்ன ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும், பருவும் வரும். அப்படிப்பட்ட முகத்தில் லேசர் வைக்கக் கூடாது. திடீரென்று நிறுத்தினாலும் முகம் எரிந்து சிவக்கலாம். அதனால் ட்யூப்களை ஒரு கவரில் போட்டு டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ட்ரெட்டினாயின், அடாபலீன், கிளைகாலிக் ஆசிட் போன்ற மேல்பூச்சு மருந்துகளை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதையும் அவரே சொல்வார். ப்ளீச், ஃபேஷியல், முகத்தில் த்ரெட்டிங், வேக்ஸிங் எல்லாம் இரண்டு வாரம் முன்பே நிற்கட்டும். எலுமிச்சைச் சாறு, கஸ்தூரி மஞ்சளும் வேண்டாம்.

படி 4: சன்ஸ்க்ரீன் பழக்கம்

எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிதுக்குங்கள். அந்த இரண்டு கோடும் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு தடவினால் அட்டையில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்பு போட்டு, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடுங்கள். அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயமுள்ள சன்ஸ்க்ரீன் நமக்குக் கூடுதல் நல்லது. நம் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்க வைக்கும், அதையும் அது ஓரளவு தடுக்கும்.

வெயில் பட்டு முகம் கறுத்திருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். கட்டிய முன்பணத்துக்காகத் துணிய வேண்டாம்.

படி 5: முந்தைய வாரம்

ஐந்து முதல் ஏழு நாள் லீவு சொல்லிவையுங்கள். மணமில்லாத வாசலின், மென்மையான க்ளென்ஸர், துவைத்த தலையணை உறை இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். சிகரெட் பிடிப்பவர்கள் நிறுத்துங்கள், புண் ஆறுவதை அது தாமதப்படுத்தும். முந்தைய நாளே தலைக்குக் குளித்துவிட்டால் ஷாம்பு நுரை புண்ணில் படாது.

படி 6: அன்றைய நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மேக்கப், பொட்டு, சென்ட் எதுவும் வேண்டாம். சென்ட்டில் இருக்கும் ஆல்கஹால் லேசர் சூட்டில் தீப்பிடிக்கக்கூடும். மூக்குத்தி, தோடு, கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். தலை வழியாக மாட்டும் உடை வேண்டாம், முன்பக்கம் பட்டன் இருக்கட்டும்.

மரப்பு க்ரீமைத் தடவி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் உட்காரவைப்பார்கள். வலி குறையட்டும் என்று வீட்டிலேயே தடவிக்கொண்டு போகாதீர்கள், அளவு மீறினால் அந்த மருந்தே உடம்பில் ஏறி ஆபத்தாகும். சிகிச்சையின்போது முடி பொசுங்கிய வாடை வரும், பயப்பட வேண்டாம். திரும்பும்போது டூவீலர் வேண்டாம், ஹெல்மெட்டின் உள்பஞ்சு கன்னத்தில் உரசும்.

படி 7: முதல் வாரம்

சில மணி நேரம் முகம் எரியும். இரண்டு மூன்று நாள் சிவந்து வீங்கும். பிறகு பழுப்பாகச் சொரசொரவென்று பொருக்குக் கட்டி, ஒரு வாரத்துக்குள் தானாக உதிரும். நகத்தால் பிய்த்தால் அந்த இடம் கறுக்கும். வாசலின் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்பு அனலில் அதிக நேரம் நிற்காதீர்கள். சன்ஸ்க்ரீனை மறுபடி எப்போது தொடங்குவது என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குறைந்துகொண்டிருந்த வலி மறுபடி கூடினாலோ, சீழ் வந்தாலோ, கொத்தாகக் கொப்புளம் கிளம்பினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.