லோடர் வேலைக்கு கியரா, ஹைட்ரோஸ்டாடிக்கா?

டிராக்டரின் முன்னால் வாளி மாட்டி அள்ளித் தூக்கும் லோடர் வேலை என்றால் முன்னே போ, பின்னே வா என்று நாள் முழுக்க அதே ஆட்டம்தான். கியர் டிராக்டரில் ஒவ்வொரு முறையும் கிளட்சை மிதிக்க வேண்டும். கால் சோர்வது இருக்கட்டும், கிளட்ச் தட்டும் தேயும். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டாடிக்கில் பெடல் போதும். எஞ்சின் வேகத்தைக் குறைக்காமலே வண்டியை மெல்ல நகர்த்தலாம், அதனால் லோடரும் சுறுசுறுப்பாகத் தூக்கும்.

ஹைட்ரோஸ்டாடிக்கில் ஒரு சூட்சுமம்: மண் குவியலில் முட்டி நின்றுவிட்டால் பெடலை இன்னும் அழுத்தாதீர்கள், சற்றுத் தளர்த்துங்கள். அப்போதுதான் சக்கரத்துக்குத் தள்ளும் விசை கூடும். வண்டி லோ ரேஞ்சில், அதாவது வேகம் குறைந்து விசை கூடும் நிலையில், இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரும்பாலும் உழவுதான் என்றால் கியரே சரி. ஹைட்ரோஸ்டாடிக்கில் கொஞ்சம் சக்தி எண்ணெயைச் சூடாக்கியே வீணாகும். இரண்டும் கலந்த வேலையா? கிளட்ச் மிதிக்காமல் திசை மாற்றும் பவர் ஷட்டில் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.