தோல் அலர்ஜிக்கு பேட்ச் டெஸ்ட்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதல்முறை செய்துகொள்பவர்களுக்கு

பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்பு, சங்கிலி படும் கழுத்தில் படை, தலைக்கு டை அடித்த மறுநாள் காதோரம் வீக்கம். இதற்கெல்லாம் களிம்பை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டே காலம் தள்ளுகிறவர்களைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. எந்தப் பொருள் உங்களுக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. தோலில் குத்திக் கால் மணி நேரத்தில் பார்த்துவிடும் பிரிக் டெஸ்ட் வேறு. தொடுவதால் வரும் அலர்ஜி மெதுவாகத்தான் வெளியே தெரியும். அதனால் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

1. நாள் பாருங்கள். முதுகு நனையவும் கூடாது, வியர்க்கவும் கூடாது. டர்பனின் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் அது நடக்கிற காரியமா? ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலமே வசதி. காவடி எடுத்து முதுகில் கொக்கி குத்தியவர்கள், காயம் நன்றாக ஆறிய பிறகு போங்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் கொடுக்குமா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. மருந்தைச் சொல்லுங்கள். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசினாலோ பிரெட்னிசோன் மாத்திரை சாப்பிட்டாலோ முடிவு மறைந்துவிடலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள்.

3. பையை நிரப்புங்கள். சந்தேகப்படும் குங்குமம், ஒட்டுப்பொட்டு அட்டை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், டை பெட்டி, வேலைக்குப் போடும் கையுறை எல்லாவற்றையும் லேபிளோடு எடுத்துப் போங்கள். ஒட்டுப்பொட்டின் பசையில் சேரும் ஒரு ரசாயனம் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டையே உண்டாக்கும். அதனால் அந்த அட்டையை மறக்க வேண்டாம்.

4. திங்கட்கிழமை ஒட்டுவார்கள். நிக்கல், வாசனைப் பொருள்கள், ரப்பர் ரசாயனங்கள், டையில் உள்ள பிபிடி (பாரா-ஃபெனிலீன்டையமின்) என்ற நிறமூட்டும் ரசாயனம் போன்றவற்றைத் துளித் துளியாகச் சின்னக் கிண்ணங்களில் வைத்து, மேல்முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டி, பேனாவால் குறியிடுவார்கள். 48 மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். கனமான சாமான் தூக்காதீர்கள். அரித்தாலும் சொறியாதீர்கள், தாங்க முடியாத எரிச்சல் என்றால் கிளினிக்கை அழையுங்கள்.

5. புதன், வெள்ளி இரண்டு நாளும் போங்கள். புதன்கிழமை பிளாஸ்திரியை எடுத்துவிட்டார்கள், முதுகு சுத்தமாக இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை போகாமல் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெறும் எரிச்சல் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். உண்மையான அலர்ஜியோ அப்போதுதான் ஏறும். நிக்கல் மாதிரி உலோகங்களுக்கு ஏழாம் நாள்கூட எழும்பலாம். நம் மாதிரி மாநிறம், கறுப்புத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது சாம்பல் கலந்த ஒரு கருமை மட்டுமாக இருக்கலாம். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து விரலால் தடவினால் தடிப்பு தட்டுப்படும், பொடிக் கொப்புளமும் சிக்கும். டாக்டர் பார்த்ததோடு விட்டால், "கொஞ்சம் தடவியும் பாருங்கள்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

6. பட்டியலை வைத்துக்கொண்டு வாங்குங்கள். பாசிட்டிவ் வந்த பொருளின் பெயரை போனில் படம் எடுத்து வைத்து, கடையில் லேபிளோடு ஒப்பிடுங்கள். புது க்ரீம் என்றால் முழங்கையின் உள்பக்கம் தினம் இருமுறை, ஒரு வாரமாவது பூசிப் பார்த்த பிறகு முகத்துக்குப் போடலாம். சோப்பு, ஷாம்பு இவற்றை அப்படிப் பூசி விட்டுவைக்கக் கூடாது. அலர்ஜி இல்லாதவருக்கும் புண்ணாகும். பிபிடி பாசிட்டிவ் என்றால் வீட்டில் எந்த டையையும் சோதித்துப் பார்க்காதீர்கள். கல்யாண வீட்டில் போடும் கறுப்பு மருதாணியிலும் அதே பிபிடி கலந்திருக்கலாம், கையை நீட்டாதீர்கள்.