கேலக்ஸி பார்க்கவும் படம் எடுக்கவும்: டெலஸ்கோப்புக்கு முன்னாடி இருட்டைத் தேடுங்க

கேலக்ஸி பார்க்கணும்னு ஆசையா டெலஸ்கோப் வாங்குற நிறைய பேர் முதல் ராத்திரியே சோர்ந்து போயிடறாங்க. ரொம்ப தூரத்துல இருக்கு, அதான் தெரியலன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் பெரிய டெலஸ்கோப் தேட ஆரம்பிச்சிடறாங்க. பிரச்சனை தூரத்துல இல்லங்க. நட்சத்திரத்தோட வெளிச்சம் மொத்தமும் ஒரே புள்ளியில நிக்கும், கேலக்ஸியோட வெளிச்சம் ஒரு பரப்பு முழுக்கப் பரவி மெலிஞ்சு கிடக்கும், வானம் வெளுத்திருந்தா அந்த மெல்லிசான வெளிச்சம் அதுலயே கரைஞ்சு போயிடும்.

இதுக்கு நல்ல உதாரணம் எம்33ங்கற கேலக்ஸி (எம்னா மெசியே பட்டியல்ல அதோட நம்பர்). புத்தகத்துல அதோட மேக்னிட்யூட், அதாவது பிரகாச அளவு (நம்பர் கூடக்கூட மங்கல்), 5.7ன்னு போட்டிருக்கும், அட இது வெறும் கண்ணுக்கே தெரியணுமேன்னு தோணும். ஆனா அந்த வெளிச்சம் முழு நிலா மாதிரி ரெண்டு மடங்கு நீளத்துக்குப் பரவியிருக்கு, அதனால ஊருக்குள்ள இருந்து ஒளி வாங்கற வாய் 8 இன்ச் அகலமான டெலஸ்கோப்ல பார்த்தாலும் ஒண்ணுமே தெரியாம போகலாம், அதே எம்33 நல்ல இருட்டுல சாதாரண பைனாகுலர்லயே புகை மாதிரி தெரியும். ஆண்ட்ரோமிடாவோட துணை கேலக்ஸி எம்32 மேக்னிட்யூட்ல எம்33 பக்கத்துலயே வராது, 8 சொச்சம்தான், ஆனா சின்னதா இறுக்கமா இருக்கறதால சுமாரான வானத்துலயும் சட்டுனு மாட்டும். அதனால லிஸ்ட்ல மேக்னிட்யூட் மட்டும் பார்க்காதீங்க, பக்கத்துலயே சைஸ் எவ்வளவுன்னும் பாருங்க.

இருட்டை அளக்க போர்ட்டில் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, ஜான் போர்ட்டில் 2001ல கொண்டு வந்தது, 1 ரொம்ப இருட்டு, 9 பெரிய நகரத்து நடு. 4 அல்லது அதுக்குக் கீழ உள்ள இடம் கிடைச்சா கேலக்ஸிக்கு அருமை. அமாவாசையை ஒட்டின நாட்களா பார்த்துப் போங்க, பௌர்ணமிக்கு கேலக்ஸி பக்கம் போறதே வீண், அன்னைக்கு நிலாவைப் பாருங்க. மழை பெய்ஞ்சு ஓய்ஞ்சு தூசியெல்லாம் அடங்கின ராத்திரி கிடைச்சா விடவே விடாதீங்க. பார்க்கப் போற கேலக்ஸி வானத்துல நல்லா மேல ஏறுற நேரமும் முக்கியம், அடிவானத்துல இருந்து 30 டிகிரி உயரத்துல இருக்கறப்போ அதோட வெளிச்சம் உச்சியில இருக்கறப்போ கடக்கறதை விட ரெண்டு மடங்கு காத்தைக் கடந்து வருது.

முதல் கேலக்ஸி எதுன்னு கேட்டா ஆண்ட்ரோமிடா, எம்31, வேற பேச்சே இல்ல. 25 லட்சம் ஒளியாண்டு தூரம், ஆனா வானத்துல 3 டிகிரி நீளம், அதாவது ஆறு முழு நிலாவை வரிசையா வச்ச அளவு. அல் சூஃபிங்கற பாரசீக வானியலாளர் 964லயே இதை ஒரு சின்ன மேகம்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கார், டெலஸ்கோப்னு ஒண்ணு வரதுக்கு 600 வருஷத்துக்கு மேல முன்னாடி. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சாயங்காலம் இருட்டினதும் தேட வசதியா இருக்கும். பெகாசஸ் சதுரம்னு நாலு நட்சத்திரம் இருக்கும், அதோட ஒரு மூலையில ஆல்ஃபெராட்ஸ், அங்கிருந்து வரிசையில ரெண்டாவது நட்சத்திரம் மிராக், அது கொஞ்சம் செம்மஞ்சளா இருக்கும். மிராக்ல இருந்து காசியோப்பியா மண்டலம் பக்கமா திரும்பினா மியூங்கற நட்சத்திரம், அதே தூரம் இன்னும் போனா நியூங்கற நட்சத்திரம், அந்த நியூவுக்கு ஒட்டினாப்ல பக்கத்துலயே எம்31. முதல்ல பைனாகுலர்ல இந்த வழியை ரெண்டு மூணு தடவை நடந்து பழகிட்டு அப்புறம் டெலஸ்கோப்புக்குப் போங்க, டெலஸ்கோப்ல நடுப்பகுதி மட்டும்தான் தெரியும், முழு கேலக்ஸி அதோட வட்டத்துக்குள்ள அடங்காது.

இப்போ கண்ணைப் பத்தி சொல்லியே ஆகணும், இதைத்தான் யாரும் சரியா சொல்லித் தர்றதில்ல. இருட்டுக்குக் கண் பழக 20லிருந்து 30 நிமிஷம் ஆகும், அதுக்கு நடுவுல ஒரே ஒரு தடவை போன் ஸ்க்ரீனைப் பார்த்தாலும் மறுபடி முதல்ல இருந்துதான். மங்கலான சிவப்பு லைட் மட்டும் வச்சுக்கோங்க, பிரகாசமான சிவப்பும் கெடுதல்தான். அடுத்தது, கேலக்ஸியை நேரா பார்க்காதீங்க. விழித்திரையோட மையத்துல நிறம் பார்க்கற செல்கள்தான் இருக்கு, மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்கற செல்கள் அதைச் சுத்தி தள்ளித்தான் நிறைய இருக்கு, அதனால கொஞ்சம் பக்கவாட்டுல பார்த்துக்கிட்டே கவனத்தை மட்டும் கேலக்ஸி மேல வைக்கணும். வலது கண்ணால பார்க்கறவங்க பார்வையை வலப்பக்கம் நகர்த்துங்க, இடது கண்ணுன்னா இடப்பக்கம், எதிர்ப்பக்கம் நகர்த்தினா கேலக்ஸி கண்ணோட குருட்டுப் புள்ளியில போய் விழ வாய்ப்பிருக்கு. ரொம்ப மங்கலா இருந்தா டெலஸ்கோப் குழாயை லேசா தட்டுங்க, அசையற மங்கல் வெளிச்சத்தைக் கண் உடனே கண்டுபிடிக்கும். தலைக்கு மேல ஒரு கறுப்புத் துணியைப் போட்டு பக்கத்து வெளிச்சத்தை மறைச்சா கிடைக்கற பலன், புது ஐபீஸ் (கண் வச்சுப் பார்க்கற லென்ஸ்) வாங்கினாலும் கிடைக்காது.

எம்51ங்கற கேலக்ஸியை வச்சு இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன். சப்தரிஷி மண்டலத்தோட வால் நுனியில இருக்கற மரீசிக்கு மூணரை டிகிரி தள்ளி இருக்கு. இருட்டான இடத்துல 8 இன்ச் டெலஸ்கோப்ல முதல்ல தெரியறது ரெண்டு மங்கலான திட்டு, ஒண்ணு பெரிசு ஒண்ணு சிறிசு, அவ்வளவுதான். அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. ரெண்டு நிமிஷத்துல பெரிய திட்டுக்கு நடுவுல ஒரு பிரகாசமான புள்ளி தனியா பிரியும், அதைச் சுத்தி ஒரு ஒளிவட்டம் இருக்கற மாதிரி தோணும், பத்து நிமிஷம் உக்காந்து மூச்சை சீரா விட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தா அந்த வட்டம் ஒரே சீரா இல்ல, ஒரு பக்கம் கெட்டியா ஒரு பக்கம் மெலிசா வளைஞ்சு போகுதுன்னு சில வினாடி பிடிபடும், அப்புறம் மறைஞ்சிடும், மறுபடி வரும். அந்த வளைவுதான் சுருள் கரம். அயர்லாந்துல ராஸ் பிரபு 1845ல 72 இன்ச் டெலஸ்கோப்ல பார்த்து இந்தச் சுருளைத்தான் முதன்முதலா வரைஞ்சார். நீங்களும் ஒரு பேப்பர்ல வரைங்க, அழகா வரணும்னு அவசியமே இல்ல, கை வரைய ஆரம்பிச்சா கண் இன்னும் கூர்ந்து தேடும்.

எவ்வளவு பெரிசாக்கிப் பார்க்கணும்ங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஐபீஸோட ஃபோகல் லெங்த்தை (குவிதூரம்) டெலஸ்கோப்போட எஃப் ரேஷியோவால (அதோட குவிதூரத்தை வாய் அகலத்தால வகுத்தா வர்றது) வகுத்தா கண்ணுக்குள்ள வர்ற ஒளிக்கற்றையோட அகலம் கிடைக்கும், பெரும்பாலான கேலக்ஸிக்கு அது 2லிருந்து 3 மில்லிமீட்டர் இருந்தா நல்லது. 1200 மில்லிமீட்டர் குவிதூரம், எஃப்/6 டாப்சோனியன் (எளிய ஸ்டாண்ட்ல நிக்கற கண்ணாடி டெலஸ்கோப்) வச்சிருந்தா 15 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டா 2.5 வரும், 80 மடங்கு பெரிசாகும். சின்ன கேலக்ஸியா இருந்தா தயங்காம 120, 150 மடங்குக்குப் போங்க, கேலக்ஸி மங்கும்தான், பின்னால இருக்கற வானமும் சேர்ந்து மங்கும், ஆனா மங்கலான பொருள் பெரிசா இருந்தா கண் சுலபமா பிடிக்கும். லைட் பொல்யூஷன் ஃபில்டருக்கு மட்டும் காசு போடாதீங்க. நெபுலா, அதாவது வாயு மேகம், சில குறிப்பிட்ட நிறத்துல மட்டும் ஒளிர்றதால அதுக்கு ஃபில்டர் உதவும், கேலக்ஸியோட வெளிச்சம் கோடிக்கணக்கான நட்சத்திரங்களோட வெளிச்சம், எல்லா நிறமும் அதுல இருக்கு, ஃபில்டர் வானத்தோட சேர்த்து கேலக்ஸியையும்தான் வெட்டும். அந்தக் காசுக்கு இருட்டான இடத்துக்குப் பயணம் போங்க.

மார்ச்ல இருந்து மே வரைக்கும்தான் கேலக்ஸி சீசன்னு சொல்வாங்க. அந்த மாசங்கள்ல சாயங்காலம் பால்வீதியோட தட்டு அடிவானத்தை ஒட்டிப் படுத்துடும், அதோட தூசி நடுவுல வராம நாம வெளிய எட்டிப் பார்க்கற திசையில சிம்மம், கன்னி ராசியெல்லாம் இருக்கு. சிம்மத்துல எம்65, எம்66, என்ஜிசி 3628 (என்ஜிசி இன்னொரு பட்டியல்) மூணும் ஒரே ஐபீஸ் வட்டத்துல வரும். கன்னி ராசி கேலக்ஸிக் கூட்டம் ஏறக்குறைய 5.4 கோடி ஒளியாண்டு தூரத்துல ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸியோட கிடக்கு, அங்க தொலைஞ்சு போறது ரொம்ப சுலபம். டெனபோலா, விண்டமியாட்ரிக்ஸ் ரெண்டு நட்சத்திரத்துக்கும் நடுப்பக்கமா குறி வச்சு எம்84, எம்86 ஜோடியைப் பிடிங்க, அங்கிருந்து மார்க்கேரியன் சங்கிலின்னு ஒரு வளைவு கிளம்பும், அதைப் பிடிச்சுக்கிட்டே ஒவ்வொரு கேலக்ஸியா நகருங்க. ஊருக்குள்ள இருந்து ஆரம்பிக்கறவங்களுக்கு எம்81, எம்82 ஜோடி, 1.2 கோடி ஒளியாண்டு, குறிப்பா எம்82 ஒடுக்கமா பிரகாசமா இருக்கறதால கொஞ்சம் வெளுத்த வானத்தையும் தாங்கும். பூமியோட தெற்குப் பாதியில இருக்கறவங்களுக்கு மெகல்லானிக் மேகங்கள்னு ரெண்டு பக்கத்து கேலக்ஸி வெறும் கண்ணுக்கே தெரியும், அதோட என்ஜிசி 253ன்னு ஒரு நீளமான அழகான கேலக்ஸி, கேரலின் ஹெர்ஷல் 1783ல கண்டுபிடிச்சது.

படம் எடுக்கறதுக்கு வருவோம். இங்கயும் இருட்டுதான் ராஜா, நம்பரோடயே சொல்றேன். வானத்தோட பின்னணி ஒரு மேக்னிட்யூட் இருட்டானா அதே தரமான படத்துக்கு ஆகற நேரம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும். மூணு மேக்னிட்யூட் வித்தியாசம்னா 16 மடங்கு, அதாவது நல்ல இருட்டுல ஒரு மணி நேரத்துல கிடைக்கறது நகரத்துல 16 மணி நேரம் எடுத்தாத்தான் கிடைக்கும். கேமரா மாத்தறதை விட இடம் மாத்தறது எவ்வளவு பெரிய விஷயம்னு இதுலயே தெரியும்.

கையில ஒரு கேமரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ், ட்ரைபாட் இருந்தா இன்னைக்கே ஆண்ட்ரோமிடாவை எடுக்கலாம். எஃப்/2 இல்ல 2.8, ஐஎஸ்ஓ 1600, ஒரு ஷாட்டுக்கு 4லிருந்து 6 செகண்ட், அதுக்கு மேல போனா நட்சத்திரம் கோடா இழுக்கும், கண்டிப்பா ராவ் ஃபார்மட் (கேமரா மாத்தாத அசல் ஃபைல்). அப்படியே 200, 300 ஷாட் எடுத்து ஸ்டாக் பண்ணுங்க, அதாவது எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கிச் சேருங்க, கேலக்ஸியோட நீள்வட்டம் தெளிவா வந்துடும். அடுத்த படி ஸ்டார் ட்ராக்கர், வானம் சுத்தறதுக்கு ஏத்தபடி கேமராவைத் திருப்பற கருவி, அதுல 135 இல்ல 200 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு போலார் அலைன்மென்ட் (கருவியோட அச்சை வான துருவத்துக்கு நேரா வைக்கறது) ஒழுங்கா பண்ணினா ஒரு நிமிஷ ஷாட் சாதாரணமா வரும், எம்31ல தூசிப் பட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். ஃபோகஸுக்கு லென்ஸ் முன்னாடி பாட்டினோவ் மாஸ்க்ங்கற கோடு கோடா வெட்டின மூடியைப் போடுங்க, ராத்திரி குளிர ஆரம்பிச்சதும் ஃபோகஸ் நகரும், மணிக்கு ஒரு தடவை சரி பாருங்க.

ஆனா பெரும்பாலான கேலக்ஸி சின்னது. எம்51 வெறும் 11 ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில 60ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்மினிட்). உங்க செட்டப்புக்கு எது பொருந்தும்னு பார்க்க, பிக்சல் அளவை மைக்ரான்ல எடுத்து 206ஆல பெருக்கி ஃபோகல் லெங்த்தால வகுங்க, ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட்னு (ஆர்க்மினிட்ல 60ல ஒரு பங்கு) வரும். 3.76 மைக்ரான் கேமரா, 600 மில்லிமீட்டர் டெலஸ்கோப்னா 1.3 கிட்ட, கேலக்ஸிக்கு ரொம்ப நல்ல இடம். காத்தோட அலைச்சலே பல இடத்துல 2லிருந்து 3 ஆர்க்செகண்ட் மங்கலாக்கிடறதால ஒண்ணுக்குக் கீழ ரொம்ப இறங்கி பெரிசா லாபம் இல்ல, மவுண்டுக்குத்தான் (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பற ஸ்டாண்ட்) சுமை. இந்த அளவுக்கு வந்துட்டா ஈக்வடோரியல் மவுண்ட்டும் (வானத்தோட சேர்ந்து சுத்தறது) ஆட்டோகைடிங்கும் (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து தானா திருத்திக்கறது) வேணும், டெலஸ்கோப்பை விட மவுண்டுக்கு அதிகமா செலவு பண்ணுங்கன்னு அடிச்சுச் சொல்வேன்.

ஒரு ஷாட் எவ்வளவு நேரம்னு எல்லாரும் கேட்பாங்க, அதை விட மொத்த நேரம்தான் முக்கியம். நகரத்துல 30லிருந்து 60 செகண்ட், இருட்டுல 3லிருந்து 5 நிமிஷம், ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டற வெளிச்ச வரைபடம்) இடது ஓரத்தை விட்டு நல்லா விலகி நின்னா போதும். நாலு மடங்கு நேரம் சேர்த்தா நாய்ஸ் (படத்துல வர்ற புள்ளி புள்ளியான இரைச்சல்) பாதியாகும், அதனால ஒரு ராத்திரியில அஞ்சு கேலக்ஸி எடுக்கறதை விட்டுட்டு அஞ்சு ராத்திரி ஒரே கேலக்ஸிக்குக் குடுங்க. நடு நடுவுல டிதரிங், அதாவது ஷாட்டுக்கு ஷாட் டெலஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்தறது, ஆன்ல இருக்கட்டும். ஃப்ளாட் ஃப்ரேம் எடுக்காம மட்டும் மூட்டை கட்டாதீங்க, டெலஸ்கோப் வாயில வெள்ளைத் துணியை சுருக்கமில்லாம இழுத்துக் கட்டி வெளுத்த வானத்தையோ சீரான வெளிச்சத்தையோ பார்த்து எடுத்தா போதும். கேலக்ஸியோட வெளிக்கரங்கள் வானத்தை விட ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் பிரகாசமா இருக்கும், சென்சார் தூசியும் ஓரத்து இருட்டும் அதை விட பெரிசு, ஃப்ளாட் இல்லாம அந்தக் கரத்தை எடுக்கவே முடியாது.

ஸ்டாக் பண்ண சிரில்ங்கற சாஃப்ட்வேர் இலவசம், டீப்ஸ்கைஸ்டாக்கரும் இலவசம். பின்னணி சாய்வை (வானம் ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் இருண்டு இருக்கறது) எடுக்கறப்போ ரொம்ப ஜாக்கிரதை, வானத்தோட அளவு எடுக்கற சாம்பிள் புள்ளி கேலக்ஸி மேலயோ அதோட மங்கலான வெளிவட்டத்து மேலயோ விழுந்தா சாஃப்ட்வேர் அதையும் சாய்வுன்னு நினைச்சு கழிச்சுடும், எம்31ல இது அடிக்கடி நடக்கும். நிறத்தை நட்சத்திரங்களை வச்சு சரி பண்ற வசதி சிரில்லயே இருக்கு. அப்புறம் ஸ்ட்ரெச், அதாவது மங்கலானதைப் பிரகாசமாக்கறது, ஒரே இழுப்பா இழுக்காம கொஞ்சம் கொஞ்சமா, மையம் வெளுத்துப் போகாம. சரியா வந்தா மையம் வயசான நட்சத்திரங்களால மஞ்சளாவும் கரங்கள் இளம் நட்சத்திரங்களால நீலமாவும் நடுநடுவுல இளஞ்சிவப்புப் புள்ளிகளும் தெரியும், அந்தப் புள்ளியெல்லாம் நட்சத்திரம் பிறக்கற இடங்கள். வானத்தை அடியோட கறுப்பாக்காதீங்க, அடர் சாம்பல்ல விடுங்க, வெளிக்கரம் அங்கதான் இருக்கு. ஏஐ ஷார்ப்பனிங் டூல் இல்லாத வளைவையும் வரைஞ்சிடும், அதனால ஹப்பிள் படத்தோட வச்சு ஒத்துப் பாருங்க, அங்க இல்லாதது உங்க படத்துல இருந்தா டூலைக் குறைங்க.

எடுத்த எல்லா ஃபைலையும் தேதியோட பத்திரமா வைங்க. 2023 மே 19ல ஜப்பான்ல கோயிச்சி இடாகாகிங்கற அமெச்சூர் எம்101ங்கற கேலக்ஸியில ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடிச்ச நட்சத்திரத்தை, கண்டுபிடிச்சார், எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப்னு பேர், அதுக்கு முந்தின நாட்கள்ல யதேச்சையா எம்101ஐ எடுத்து வச்சிருந்தவங்க படமெல்லாம் அது எப்போ வெடிச்சதுன்னு கணக்குப் போட உதவிச்சு. உங்க படத்துல பழசுல இல்லாத ஒரு புள்ளி தெரிஞ்சா முதல்ல தனித்தனி ஃப்ரேம்ல இருக்கான்னு பாருங்க, டிதர் பண்ணினதுல நட்சத்திரங்களோட சேர்ந்து நகராம சென்சார்ல ஒரே இடத்துல நின்னா ஹாட் பிக்சல்ங்கற சென்சார் கோளாறு, நட்சத்திரங்களுக்கு நடுவுல மணிக்கணக்குல இடம் மாறினா ஆஸ்டிராய்ட். ரெண்டும் இல்லன்னா ட்ரான்சியன்ட் நேம் சர்வர்ல (வானத்துல புதுசா தெரியறதைப் பதிவு பண்ற தளம்) ஏற்கனவே பதிவாயிருக்கான்னு தேடுங்க, இல்லாத பட்சத்துல மறுநாள் காத்திருக்காம அன்னைக்கே இன்னொருத்தரை விட்டு அதே இடத்தைப் படம் எடுக்கச் சொல்லி உறுதி பண்ணிட்டு ரிப்போர்ட் போடுங்க.