கார்க் நகரில் ஒரு நாள் தங்கல்: மோட்டார் சைக்கிளில் வரும் தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் தெற்குக் கரையோரத்தை மோட்டார் சைக்கிளில் சுற்றும் தம்பதியருக்குக் கார்க் நகரம் பெரும்பாலும் வழியில் வரும் ஓர் இரவுத் தங்கலாகவே அமைகிறது. பிரான்சின் ரோஸ்காஃபிலிருந்து வரும் கப்பல் நகருக்கு அருகிலுள்ள ரிங்காஸ்கிடி துறைமுகத்தில் வண்டியை இறக்கிவிடுகிறது. கெர்ரி மலைகளுக்கும் மேற்குக் கார்க்கின் தீபகற்பங்களுக்கும் செல்லும் சாலைகள் இங்கிருந்து பிரிகின்றன. ஊரில் ஒரு நண்பர் குடியிருந்தால் அந்தத் தங்கல் ஊர் சுற்றும் நாளாகவும் ஆகிவிடும். ஊருக்குள் வந்த பிறகும் சாலையில் வந்த வேகத்தைக் கைவிடாமல் இருப்பதே அந்த நாளைக் கெடுக்கும் முதல் காரணம் என்பது என் கருத்து. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் அதிலிருந்து பிறப்பவையே.

நகர மையத்தையும் வண்டியிலேயே சுற்றிப் பார்த்துவிடலாம் என்று நினைப்பதை முதலில் தவிர்க்க வேண்டும். லீ ஆறு இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுவதால் மையப்பகுதி ஒரு தீவாகக் கிடக்கிறது. பாலங்களும் ஒருவழித் தெருக்களும் மாறி மாறி வர, பக்கப் பெட்டிகள் நிறையச் சுமையுடன் வரும் வண்டியில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் ஆற்றின் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். நடந்தாலோ அரை மணி நேரத்தில் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை எட்டிவிடலாம். சவுத் மால் தெருவின் பழைய கட்டடங்கள் சிலவற்றில், வாசலுக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் தாழ்வான இன்னொரு கதவு இருப்பதை நடப்பவர்தான் கவனிப்பார். அந்தத் தெரு ஒரு காலத்தில் ஆற்றின் கால்வாயாக இருந்தது. படகில் வந்த சரக்கு அந்தக் கீழ்க்கதவு வழியாகத்தான் உள்ளே போனது. செயின்ட் பேட்ரிக்ஸ் தெரு வில்போல் வளைந்து செல்வதும் அது மூடப்பட்ட கால்வாயின் மேல் அமைந்ததால்தான். அதே தெருவின் கணிசமான பகுதி 1920 டிசம்பர் 11 இரவு பிரிட்டிஷ் படையினர் வைத்த தீயில் எரிந்தது. எங்கே பழைய கட்டடம் முடிந்து எங்கே புதியது தொடங்குகிறது என்பதை ஊர்க்காரரான நண்பர் காட்டும்போது, அவசரப்படுத்தாமல் உடன் நிற்பது நல்லது.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை வந்து சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது அடுத்த தவறு. ஆற்றின் வடகரை செங்குத்தான மேடு. பேட்ரிக்ஸ் ஹில்லில் நடந்து ஏறுபவருக்கே மூச்சு வாங்கும். அத்தகைய சரிவில் வண்டியின் முகம் இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினால், அது முன்னோக்கி நகர்ந்து சைடு ஸ்டாண்டு மடங்கி விழக்கூடும். முகத்தை மேட்டுப் பக்கம் திருப்பி, முதல் கியரில் விட்டு நிறுத்துங்கள். நண்பர் வீட்டில் முற்றமோ பின்கட்டோ உண்டா, ஈர உடைகளைக் காயப்போட இடம் இருக்குமா என்று இரண்டு நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அட்லாண்டிக் மழையில் நனைந்த கையுறைகள் ஓர் இரவில் தாமாகக் காய்ந்துவிடாது.

பலரும் கவனிக்கத் தவறுவது பின்னால் அமர்ந்து வருபவரின் களைப்பு. ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது, அடுத்த வளைவு எங்கே என்பதும் தெரிகிறது. பின்னால் இருப்பவரோ காற்றையும் பிரேக்கின் உலுக்கலையும் முன்னறிவிப்பின்றி உடம்பில் வாங்கிக்கொண்டு வருகிறார். வண்டியை விட்டு இறங்கிய உடனே ஊர் சுற்றக் கிளம்புவது பெரும்பாலும் ஓட்டியவரின் ஆசைதான். குளித்து, ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரமாவது காலை நீட்டிக்கொண்ட பிறகு, எங்கே போகலாம் என்பதைப் பின்னிருக்கைக்காரர் முடிவு செய்யட்டும். மாலை மூவருக்கும் இனிமையாக இருக்க இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியாது.

ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் நீடிப்பதை நம்பி மாலையில் வந்து சேர்வதும் ஏமாற்றத்தில் முடியும், ஏனெனில் வெளிச்சம் இருக்கும் அளவுக்குக் கடைகள் திறந்திருப்பதில்லை. 1788 முதல் நடந்துவரும் இங்கிலீஷ் மார்க்கெட் மாலை ஆறு மணிக்குள் மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கார்க்கில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பனிக்கட்டி மேல் பரப்பிய மீன்கள், மசாலா ஊறிய மாட்டிறைச்சி, ரத்தத்தில் செய்யும் டிரிஷீன் என்ற உள்ளூர்ப் பண்டம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். காலையில் போனால் விற்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும்.

ஷாண்டன் கோபுரத்திற்குக் கனத்த பைக் பூட்ஸுடன் போகாதீர்கள். 1722-இல் கட்டத் தொடங்கிய செயின்ட் ஆன் தேவாலயத்தின் இந்தக் கோபுரத்தில் 132 படிகள் உண்டு. மேலே போகப்போக வழி மிகவும் குறுகிவிடும், தடித்த ஜாக்கெட்டும் சுவரில் உரசும். முதல் தளத்திலேயே கயிறுகளை இழுத்து எட்டு மணிகளையும் பார்வையாளர்களே அடிக்கலாம், எண்கள் குறித்த அட்டையைப் பார்த்து ஒரு பாட்டையும் வாசிக்கலாம். காதடைப்பானைக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், மேலே மணி ஓசை காதைப் பிளக்கும்.

மூன்று பேருக்கு ஒரே வண்டி என்பதை மறந்து திட்டம் போடுவதும் உண்டு. நண்பர் பேருந்திலும் தம்பதியர் பைக்கிலும் தனித்தனியே போனால் சேர்ந்து சுற்றுவதன் பொருளே போய்விடும். கோவ் துறைமுகத்துக்கு மூவரும் கென்ட் நிலையத்திலிருந்து ரயிலில் செல்லுங்கள்; ஏறத்தாழ 25 நிமிடப் பயணம், கழிமுகத்தை ஒட்டியே தண்டவாளம் போகிறது. 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக் கடைசியாக நின்ற துறைமுகம் இது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் 1892 ஜனவரி 1 அன்று முதல் ஆளாகப் பதிவான ஆனி மூர் கப்பல் ஏறியதும் இங்கிருந்துதான். கரையில் அவருடைய சிலை இருக்கிறது. இதே நாளில் பிளார்னி கோட்டையையும் நுழைக்க முயல வேண்டாம். முத்தமிட்டால் பேச்சுத் திறமை வரும் என்று நம்பப்படும் அங்குள்ள கல்லை முத்தமிடக் காத்திருக்கும் வரிசையிலேயே பாதிப் பொழுது கரைந்துவிடக்கூடும்.

இரவில் பப்பில் ஒருவர் அனைவருக்கும் வாங்கினால் அடுத்த சுற்றை இன்னொருவர் வாங்குவது அங்குள்ள வழக்கம். உங்கள் முறை வருவதற்குள் எழுந்து போவதை நண்பர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனதில் வைத்திருப்பார். மது அருந்தாதவர் எலுமிச்சைச் சோடா கேட்டாலும் சுற்றில் பங்கெடுக்கலாம். மூலையில் இசைக்கலைஞர்கள் கூடி வாசிக்கும்போது அருகே போய் உரக்கப் பேசுவதும் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவதும் வேண்டாம். ஓட்டுபவர் மட்டும் மறுநாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழு உரிமம் பெற்ற சாதாரண ஓட்டுநருக்கு அயர்லாந்துச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது. தூங்கி எழுந்ததாலேயோ காபி குடித்ததாலேயோ ரத்தத்தில் உள்ள மது வேகமாக இறங்கிவிடாது. நள்ளிரவு வரை குடித்துவிட்டு விடியற்காலையில் கிளம்பத் திட்டமிடுபவர் ஒன்று குடியைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் புறப்பாட்டை மதியத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும்.