ஜெர்மன் தொடங்குகிறீர்களா? கரண்டியிலிருந்து ஆரம்பியுங்கள்

பெங்களூரில் ஜெர்மன் கற்றுத்தரும் இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவனில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏ1 என்ற முதல் நிலையை முடித்தால் சரளமாகப் பேச வராது. பெயர், ஊர், வேலை சொல்லலாம், கடையில் விலை கேட்கலாம், மணி பார்த்துச் சொல்லலாம். முதல் படிக்கு இதுவே தாராளம்.

நமக்கு இடிப்பது சொற்களின் ஆண்பால், பெண்பால் பிரிவுதான். தமிழில் உயிரற்ற பொருள் எல்லாம் அஃறிணை. அங்கே கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி மட்டும் அஃறிணை! அதைவிடக் கூத்து, 'மேட்ஷென்' என்றால் சிறுமி, அவளும் அஃறிணை. காரணம் தேடாதீர்கள். வார்த்தையைத் தனியாகப் படிக்காமல், முன்னால் வந்து பாலைக் காட்டும் டெயர் (ஆண்), டீ (பெண்), டாஸ் (அஃறிணை) உடன் 'டெயர் லோஃபெல், டீ காபெல், டாஸ் மெஸ்ஸர்' என்று சேர்த்தே வாயில் போடுங்கள். நான் நோட்டில் பாலுக்கு ஒன்றாக நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பேனாவில் எழுதினேன்; சின்னப்பிள்ளைத்தனம்தான், ஆனால் ஒட்டிக்கொண்டது.

வேற்றுமைக்குப் பயப்பட வேண்டாம், ஐ, கு எல்லாம் நாம் பள்ளியிலேயே படித்ததுதான்.

அப்புறம் எண்கள். 47 என்பதை 'ஏழும் நாற்பதும்' என்று திருப்பிச் சொல்வார்கள்: 'ஸீபன்-உண்ட்-ஃபீர்ட்ஸிக்'. டிராஃபிக்கில் நிற்கும்போது முன்னால் இருக்கும் ஆட்டோவின் கடைசி இரண்டு இலக்கத்தை ஜெர்மனில் சொல்லிப் பாருங்கள். சில்க் போர்டு சிக்னலில் நேரத்துக்கா பஞ்சம்?