மறுமணக் குடும்பத்தில் சிறு பிள்ளைகளுக்குச் சைகை மொழி: தொடங்குவது எப்படி

மறுமணத்தால் இரண்டு குடும்பங்கள் ஒன்றாகும்போது, காது கேளாத பிள்ளையின் சைகை அதன் அம்மாவுக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அந்தப் பிள்ளை மற்ற எல்லோரிடமும் அம்மா வழியாகத்தான் பேச முடியும். புதிய அப்பா, அண்ணன், தங்கை எல்லோரும் ஒரே வாரத்தில் கற்கத் தொடங்குங்கள்.

முதல் வேலை, எந்தச் சைகை மொழி என்று முடிவு செய்வது. உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி கிடையாது. அமெரிக்கச் சைகை மொழியில் எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், பிரிட்டிஷ் சைகை மொழியில் இரண்டு கைகளால். கிடைத்த காணொளியைப் பார்த்து ஆளுக்கொன்றாகக் கற்றால் பிள்ளை குழம்பிப்போகும். உங்கள் பகுதியில் காது கேளாதோர் புழங்கும் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரையே ஆசிரியராக வையுங்கள்.

முதல் சொற்கள்

வாரத்துக்கு ஐந்து போதும். இன்னும், போதும், தண்ணீர், வலி, உதவி என்று தொடங்கலாம். நிறங்களும் விலங்குகளும் பிறகு வரட்டும். பிள்ளைக்கு உடனே பலன் தரும் சொல்தான் கையில் ஒட்டும்.

யாரை எப்படி அழைப்பது

இதில் அவசரம் வேண்டாம். 'அம்மா' என்ற சைகையைப் பிள்ளை தன்னைப் பெற்றவளுக்கு வைத்திருந்தால் அதை எடுத்துப் புதியவருக்குக் கொடுக்காதீர்கள். அவருக்குத் தனியாக ஒரு பெயர்ச் சைகை, அதாவது அவரை மட்டும் குறிக்கும் சைகை, வேண்டும். பெயர்ச் சைகையைக் காது கேளாதவர் ஒருவர் சூட்டுவதே பல சமூகங்களில் வழக்கம். நாமே உருவாக்கினால் அது வேறொரு சொல்லாக இருந்துவிடலாம், கேலியான சொல்லாகவும் அமைந்துவிடலாம். பிள்ளை இரண்டு வீடுகளுக்கும் போய்வருகிறது என்றால் 'இந்த வீடு' உங்கள் இடப்பக்கம், 'அந்த வீடு' வலப்பக்கம் என்று இடம் குறித்துச் சுட்டுங்கள். ஒரு பேச்சு முடியும்வரை அந்த இடங்களை மாற்றாதீர்கள்.

காட்டும் முறை

பிள்ளை பார்க்காதபோது செய்த சைகை அதற்குப் போய்ச் சேராது. தோளில் மெல்லத் தட்டுங்கள், அல்லது அதன் பார்வை படும் இடத்தில் கையசையுங்கள். முகத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். பொம்மையையோ படத்தையோ பார்த்துக்கொண்டிருந்தால் நிமிரும்வரை காத்திருங்கள், அல்லது அந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே சைகை செய்யுங்கள். பொருளைச் சுட்டி, சைகை செய்து, மறுபடி சுட்டினால் சொல்லும் பொருளும் சேர்ந்து மனதில் பதியும்.

ஒரு சைகையில் ஐந்து கூறுகள் உண்டு: கைவடிவம், செய்யும் இடம், அசைவு, உள்ளங்கையின் திசை, முகபாவம். பெரியவர்கள் அதிகம் தவறுவது முகபாவத்தில். பல சைகை மொழிகளில் 'ஆமா, இல்லையா' என்று கேட்கும்போது புருவம் உயரும். முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டால் கேள்வி வெறும் கூற்றாகிவிடும். வாயால் பேசிக்கொண்டே சைகை செய்தால் கை பேச்சின் வேகத்துக்கு ஓடி, சொற்கள் விடுபடும்.

பிள்ளையின் பிழைகள்

விரல் நுணுக்கம் வளர நாளாகும். அதனால் சிறு பிள்ளைகள் கடினமான கைவடிவத்துக்குப் பதில் முஷ்டியையோ விரித்த கையையோ காட்டுவார்கள். மணிக்கட்டை அசைக்க வேண்டிய இடத்தில் முழுக் கையையும் ஆட்டுவார்கள். மழலையில் எழுத்துகள் மாறுவது போலத்தான் இதுவும். கேட்டதை உடனே கொடுத்து, சரியான வடிவத்தை நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள், போதும். விரல்களைப் பிடித்து வளைத்தால் பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும். இடக்கைப் பிள்ளை இடக்கையால் செய்யட்டும்.

சாப்பாட்டு நேரம்

எல்லோருடைய முகமும் எல்லோருக்கும் தெரியும்படி வட்டமாக உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். சைகை நன்றாகத் தெரிந்த அண்ணனையோ அக்காவையோ நிரந்தர மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். அது அந்தப் பிள்ளைக்குச் சுமை, மற்றவர்களும் கற்பதை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு வீடுகளுக்கும் ஒரே சைகை

புதிதாகக் கற்ற ஒவ்வொரு சொல்லுக்கும் பத்து விநாடிக் காணொளி எடுத்து மற்ற வீட்டுக்கு அனுப்புங்கள். இடுப்பிலிருந்து தலைவரை தெரியட்டும், வெளிச்சம் முகத்தில் விழட்டும், சட்டை ஒரே நிறமாகவும் தோல் நிறத்திலிருந்து வேறுபட்டும் இருக்கட்டும். அங்கே யாரும் கற்க முன்வரவில்லை என்றாலும் வலி, பயம், கழிப்பறை, உதவி ஆகிய நான்கின் படங்களையாவது அச்சிட்டுப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள்.