மணல் வளவில் சொட்டுநீர்: 4 அடி உயரத் தாங்கி, மூன்று பாத்தி

கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, திருக்கோவில் என்று இலங்கையின் கிழக்குக் கரையோரமாகக் கிடக்கும் மணல் வளவுகளுக்கு ஒரே குணம்தான். காலையில் வாளி வாளியாக ஊற்றினாலும் மத்தியானம் கத்தரி இலை தொங்கிவிடும். ஊற்றிய தண்ணீரில் பெரும்பங்கு வெயிலில் போகவில்லை, வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. அதனால் மணலில் நிறைய ஊற்றிப் பயனில்லை. கொஞ்சமாக, அடிக்கடி, வேரடியில் விடவேண்டும். கச்சான் (தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று) கிளம்புவதற்கு முன் அதற்கான சொட்டுநீர்க் குழாயைப் பூட்டி முடித்துவிடுங்கள்.

கீழே உள்ள கணக்கு 1 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளமான மூன்று காய்கறிப் பாத்திகளுக்கு.

முதலில் பாத்தி

கோடையில் மணலில் மேட்டுப்பாத்தி போடாதீர்கள், பக்கங்களால் காய்ந்துபோகும். நில மட்டத்தை விட நாலு விரல் தாழ்வாக வெட்டுங்கள். மாரிக்கு முன் அதையே மேடாக்கிக்கொள்ளலாம். சதுர மீற்றருக்கு 5 கிலோ மக்கிய மாட்டெரு போட்டு, மேல் 20 சென்ரிமீற்றர் மண்ணோடு கலக்க வேண்டும். பொச்சுமட்டை கிடைத்தால் எரு கலப்பதற்கு முன் ஒன்றரை அடி ஆழத்தில் ஓர் அடுக்குப் புதையுங்கள். குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு மட்டையும் சிரட்டை போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

மேற்கு, தென்மேற்கு ஓரத்தில் கிளிரிசிடியா அல்லது அகத்தி வேலி இருக்கட்டும். கச்சான் அந்தப் பக்கத்தால்தான் வந்து அடிக்கும். வாழையைக் கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள், அதற்கென்று தனிக் குழாய் வேண்டாம். முற்றத்துக்குப் புல் பதிப்பதை மறந்துவிடுங்கள். இந்த மணலில் புல் குடிக்கிற தண்ணீருக்கு நாலு தேசி மரம் வளர்க்கலாம்.

எவ்வளவு தண்ணீர்

கடும் கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் என்றால் 1 லீற்றர். மூன்று பாத்தியும் சேர்ந்து 18 சதுர மீற்றர், ஆக நாளுக்கு 90 லீற்றர். 1000 லீற்றர் தாங்கி ஒருமுறை நிரப்பினால் பத்து நாள் தாங்கும். கன்றுகள் சின்னதாக இருக்கும்வரை இதில் பாதி போதும்.

சாமான்கள்

கறுப்பு நிறத் தாங்கி ஒன்று (வெளிச்சம் புகும் தாங்கியில் பாசி பிடிக்கும்), 4 அடி உயர மேடை, 120 மெஷ் வடிகட்டி, 25 மில்லிமீற்றர் பி.வி.சி. பிரதான குழாய், 16 மில்லிமீற்றர் கறுப்புக் குழாய் 40 மீற்றர், ஆறு சின்ன வால்வு, டிரிப்பர் (குழாயில் குத்திப் பொருத்தும், தண்ணீரைச் சொட்டாக விடும் சின்ன முனை) 120.

டிரிப்பர் வாங்கும்போது கவனம். பலரின் காசு வீணாவது இங்கேதான்.

கடையில் விலை கூடிய ஒரு வகையைக் காட்டி, "எல்லாச் செடிக்கும் ஒரே அளவு தரும்" என்பார்கள். உள்ளே ரப்பர் சவ்வு வைத்து அழுத்தத்தைச் சமப்படுத்துகிற டிரிப்பர் அது. சொல்வது பொய்யில்லை, ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது 0.5 பார் அளவில் அழுத்தம் வேண்டும். 0.5 பார் என்றால் 5 மீற்றர் உயரத் தண்ணீர். நமது தாங்கி 4 அடி மேடையில். பாதி நிரம்பிய தாங்கியில் தண்ணீர் மட்டம் நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் சொச்சம்தான், அதாவது 0.15 பார். அந்த டிரிப்பரைப் பூட்டினால் சில சொட்டும், சில சொட்டாது, குழாயில் அடைப்பு என்று நினைத்து நாள் முழுக்கக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சவ்வு இல்லாத, கழற்றிக் கழுவக்கூடிய சாதாரண பொத்தான் டிரிப்பர் வாங்குங்கள். அதிலும் மணித்தியாலத்துக்கு 8 லீற்றர் என்று போட்டதே என் தெரிவு, 4 லீற்றர் வேண்டாம். 8 லீற்றர் டிரிப்பருக்கு உள்வழி அகலம், மணலும் பாசியும் லேசில் அடைக்காது. போட்டிருக்கும் எண் 1 பார் அழுத்தத்துக்கானது. அழுத்தம் குறையும்போது ஓட்டம் அதன் வர்க்கமூல அளவில் குறையும். 0.15 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.39, ஆகவே 8 லீற்றர் டிரிப்பர் நமக்கு 3 லீற்றர்தான் தரும்.

தானியங்கி டைமர் வாங்குவதானாலும் இதே பொறி உண்டு. மின்காந்த வால்வு வைத்தது குறைந்த அழுத்தத்தில் சரியாகத் திறந்து மூடாது. மோட்டர் சுழற்றும் பந்து வால்வு வகையைக் கேளுங்கள். அல்லது சமையலறை அலாரமும் கையும் போதும்.

பூட்டுவது

1. தாங்கியின் வெளிவழி அடியிலிருந்து 10 சென்ரிமீற்றர் மேலே இருக்க வேண்டும். கிணற்று நீரில் இரும்பு இருந்தால் காவிநிற மண்டி அடியில் படியும், அது குழாய்க்குள் போகக்கூடாது.

2. வெளிவழி, வால்வு, வடிகட்டி, அதன்பின் பிரதான குழாய். வடிகட்டியில் உள்ள அம்புக்குறி தண்ணீர் ஓடும் திசையைப் பார்க்கட்டும்.

3. பிரதான குழாயில் பாத்திக்கு இரண்டு என்று ஆறு துளை போட்டு, ரப்பர் வாசரும் சின்ன வால்வும் பொருத்துங்கள். வாசருக்கு உரிய அளவு டிரில் பிட்டையே பாவியுங்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் கசியும், பசை பூசியும் நிற்காது.

4. 16 மில்லிமீற்றர் குழாயை வெயிலில் அரை மணித்தியாலம் விரித்துவிட்டு இழுத்தால் சுருள் விடும். ஒவ்வொன்றிலும் 30 சென்ரிமீற்றருக்கு ஒரு டிரிப்பர், ஆக 20. மணலில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது, அதனால் இந்த இடைவெளியைக் கூட்டாதீர்கள். சம்மாந்துறை, வெல்லாவெளிப் பக்கத்துக் களித்தன்மையான மண்ணுக்கு 45 போதும்.

5. குழாய் நுனிகளை மடிக்க முன் ஒருமுறை தண்ணீரை ஓடவிட்டுக் குழாய்த் தூளை வெளியேற்றுங்கள். பிறகு மடித்து வளையம் போடுங்கள். கிழமைக்கு ஒருமுறை அவிழ்த்து ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும்.

6. மேலே வைக்கோல், இரண்டரை அங்குலத் தடிப்பில். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் கறையான் தண்டுக்கே வரும்.

அளந்து பாருங்கள்

தாங்கி பாதி நிரம்பியிருக்கும்போது முதல் டிரிப்பருக்கும் தூரத்துக் கடைசி டிரிப்பருக்கும் கீழே வெட்டிய போத்தலை வைத்து 6 நிமிடம் பிடியுங்கள். ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் வரவேண்டும். முதலாவது 300, கடைசி 270 என்றால் பரவாயில்லை. அதற்கும் கீழே போனால் வடிகட்டியைக் கழுவுங்கள், பிறகு குழாய் எங்காவது மேடேறி இறங்குகிறதா என்று பாருங்கள். மேட்டில் காற்று அடைத்து நிற்கும்.

120 டிரிப்பரும் மணித்தியாலத்துக்கு 360 லீற்றர் தரும். நமக்கு வேண்டிய 90 லீற்றருக்குக் கால் மணித்தியாலம். அதைக் காலை 8 நிமிடம், மாலை 8 நிமிடம் என்று பிரியுங்கள். ஒரே தடவையில் விட்டால் பழைய கதைதான், தண்ணீர் வேருக்குக் கீழே போய்விடும். விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் கையால் தோண்டுங்கள். ஒரு சாண் ஆழம் வரை ஈரமாக இருந்தால் போதும், ஒரு முழம் ஆழத்திலும் ஈரம் இருந்தால் நேரத்தைக் குறையுங்கள்.

கிணறு

கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்து அப்படியே நின்றால், அடியில் உப்பின் எல்லை ஏறத்தாழ 40 அங்குலம் மேலேறப் பார்க்கும். அதனால் தாங்கியை ஒரே மூச்சில் நிரப்பாமல், மோட்டரைப் பத்து நிமிடம் போட்டு, ஊற விட்டு, மறுபடி போடுங்கள். உறிஞ்சும் குழாயின் வாயையும் கிணற்றடியில் வைக்காமல் உயர்த்திக் கட்டுங்கள்.

தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பென்றால் போஞ்சி நடாதீர்கள், அது முதலில் கருகும். தக்காளி அதைவிடத் தாங்கும்.

பிறகு சேர்த்தது

குழாயை அணில் கடிக்கிறது என்று பலர் கேட்டார்கள். அது தண்ணீருக்காகக் கடிக்கிறது. வேலியோரம் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

அடைத்த டிரிப்பரை ஊசியால் குத்தாதீர்கள், உள்வழி பெருத்து அந்த ஒன்று மட்டும் அதிகமாக ஒழுகும். கழற்றி வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டுக் கழுவுங்கள்.

மழை தொடங்கியதும் எல்லாரும் வால்வை மூடுகிறார்கள். உவர்ப்புத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் முதல் சிறு தூறலில் மூடக்கூடாது. கோடை முழுக்க உப்பு ஈர வட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும், சின்ன மழை அதைக் கரைத்து வேருக்கே கொண்டுவந்து சேர்க்கும். அந்த நேரம் சொட்டுநீரும் ஓடினால் உப்பு உள்ளே வராது. நல்ல மழை இரண்டு பெய்து மண் ஒரு முழத்துக்கு நனைந்தபின் மூடி, டிரிப்பர் பூட்டிய குழாய்களை மட்டும் சுருட்டி நிழலில் வையுங்கள்.